மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்கும் தமிழ் எழுத்துரு

மதுரை ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் திங்கட்கிழமை காலை என்பது மனு எழுதும் நேரம். மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காக மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருகிறவர்கள், பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ வேண்டி, தட்டச்சுக் கடையில் நின்று ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் சொல்லச் சொல்ல, கடைக்காரர் திரையைப் பார்த்தபடி அடித்துக்கொண்டே போவார். அப்படி ஒரு கடையை என் அண்ணி நடத்துகிறார். அங்குள்ள கணினிகள் டெபியன் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பணிமேடையுடன் (சாளரங்களும் பட்டிகளும் கொண்ட வரைகலைச் சூழல்) ஓடுகின்றன. "தம்பி, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாலும் மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிடுகிறது, ஒரே தடவையில் முடிகிற வழி கிடையாதா?" என்று அவர் கேட்டார். வழி உண்டு. அதை லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ பயன்படுத்தும் மற்றத் தமிழருக்கும் உதவும்படி விரிவாகவே எழுதி வைக்கிறேன். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். வேறாகச் சொல்லாத இடங்களில், கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

எழுத்துருவைப் பற்றிய முடிவை ஒவ்வொரு உள்நுழைவிலும் படிக்கப்படுகிற ஒரு கோப்பில் எழுத வேண்டும். அந்தக் கோப்பும், முடிந்தவரை எல்லா மென்பொருள்களும் சென்று கேட்கிற இடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும், மாற்றம் மறுநாள் காணாமல் போகும், அல்லது ஒரு மென்பொருளில் தெரிந்து மற்றொன்றில் தெரியாமல் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இன்ன கட்டளையை அடியுங்கள் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அந்தக் கட்டளை எங்கே எழுதுகிறது, எழுதியதை யார் படிக்கிறார் என்று சொல்வதில்லை.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் அழகு சார்ந்த செய்தி அன்று. மேலூர்ப் பக்கம் கொட்டாம்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைக் கோட்டாம்பட்டி என்று அடித்துவிட்டால், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள சிறு வேறுபாடு ஒன்றே பிழையைக் காட்டும். பத்துப் புள்ளி அளவில், மங்கலான பழைய திரையில், அந்தச் சுழி ஒரு கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்தறிய முடியாத எழுத்துருக்களும் உண்டு. பெயரிலும் ஊரிலும் ஓர் எழுத்து மாறினால், மனு கொடுத்தவர் மறுபடி பேருந்து ஏறி வர நேரிடுகிறது. ஆகவே தமிழ் எந்த எழுத்துருவில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்பதை அடிக்கிறவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கணினி மறக்கவும் கூடாது.

மறப்பதற்கான காரணங்களை முதலில் பார்ப்போம். எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டளையைக் கொண்டு, எழுத்தளவைத் தீர்மானிக்கும் எக்ஸ்எஃப்டி டிபிஐ போன்ற மதிப்புகளை ஏற்றலாம்; ஆனால் அவை, திரையில் சாளரங்களைக் காட்டும் நிரலான எக்ஸ் சேவையகத்தின் நினைவில் மட்டுமே நிற்பவை. அமர்வு முடிந்து சேவையகம் அணைந்தால் அவையும் போய்விடும். அதே மதிப்புகளை இல்லக் கோப்புறையில் .எக்ஸ்ரிசோர்சஸ் (இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்ற கோப்பில் எழுதி வைத்தால், டெபியனின் எக்ஸ் அமர்வு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைப் படித்து ஏற்றிவிடும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டு என்ற புதிய முறையில் ஓடும் அமர்வுகளுக்கு இந்த வழி பொருந்தாது. எக்ஸ்செட் கட்டளையால் சேர்க்கும் எழுத்துருப் பாதையும் அந்த அமர்வோடு முடிவதுதான். முனையத்தில் எக்ஸ்போர்ட் என்று அடித்து வைக்கும் சூழல் மாறிகள், அந்த முனையத்துக்கும் அதிலிருந்து திறக்கப்படும் மென்பொருள்களுக்கும் மட்டும் உரியவை. டெபியனில் அவற்றை .எக்ஸ்செஷன்ஆர்சி என்ற கோப்பில் எழுதினால் எக்ஸ் அமர்வு முழுவதற்கும் கிடைக்கும்.

வரைகலை இல்லாத கறுப்புத் திரையில் செட்ஃபான்ட் கட்டளையால் எழுத்தை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அடுத்த துவக்கம் வரைதான். நிலைக்க வேண்டுமானால் டெபியனில் எட்சி கோப்புறையின் கீழ் டிஃபால்ட் என்பதில் உள்ள கன்சோல்-செட்டப் கோப்பிலும், ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் வீகன்சோல்.கான்ஃப் கோப்பிலும் எழுத வேண்டும். ஆனால் அந்தத் திரையில் ஓர் எழுத்துருவுக்கு அதிகபட்சம் 512 வடிவங்களே அடங்கும். கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்திச் சேர்க்கும் வேலையும் அங்கே நடப்பதில்லை. தமிழுக்கு அது பயன்படாது.

அடுத்து, பணிமேடைகள் தாமே வைத்திருக்கும் கிடங்குகள். எக்ஸ்எஃப்சிஇயில் தோற்றம் என்ற அமைப்புச் சாளரத்தில் நாம் தேர்ந்தெடுப்பது எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற கிடங்கில், எக்ஸ்செட்டிங்ஸ் என்ற பெயருள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் சேமிக்கப்படுகிறது. அந்தக் கோப்பைத் தொகுப்பானில் திறந்து கையால் திருத்துகிறவர்கள், அமர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால் வேலை வீணாகலாம். பின்னணியில் ஓடும் நிரல் தன் நினைவில் உள்ள மதிப்பையே கோப்பில் மீண்டும் எழுதிவிடும். அண்ணியின் கடையில் நடந்தது இதுதான். வேறோர் இடத்தில் கிடைத்த குறிப்பைப் பின்பற்றி யாரோ கோப்பைத் திருத்தியிருந்தார்கள். திருத்தம் ஒவ்வொரு முறையும் அழிந்துகொண்டிருந்தது. சாளரத்தின் வழியாகவோ எக்ஸ்எஃப்கான்ஃப்-க்வெரி கட்டளையின் வழியாகவோ மாற்றினால் அது நிலைக்கும்.

க்னோம் என்ற மற்றொரு பணிமேடையில் இதே வேலையை டிகான்ஃப் என்ற தரவுத்தளம் செய்கிறது. இது இரும வடிவில் உள்ள ஒற்றைக் கோப்பு. தொகுப்பானில் திறக்க முயல வேண்டாம். ஜிசெட்டிங்ஸ் கட்டளையாலோ க்னோம் ட்வீக்ஸ் மென்பொருளாலோ மாற்றலாம். இடைமுக எழுத்துரு, ஆவண எழுத்துரு, சம அகல எழுத்துரு என மூன்று தனிச் சாவிகள் உண்டு. எழுத்தை மட்டும் விகிதப்படி பெரிதாக்கும் டெக்ஸ்ட்-ஸ்கேலிங்-ஃபேக்டர் என்ற சாவியும் உண்டு. கண் பார்வை குறைந்தவர்களுக்கு இந்தக் கடைசிச் சாவியே போதும். ஜிடிகே என்ற வரைகலை நூலகத்துக்கான ஜிடிகே-3.0 கோப்புறையில் செட்டிங்ஸ்.இனி என்ற கோப்பில் எழுத்துருவை எழுதிவிட்டு, க்னோமில் அது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறவர்கள் பலர். பணிமேடையின் அமைப்பு நிரல் ஓடும்போது அதன் மதிப்பே முன்னுரிமை பெறும், செட்டிங்ஸ்.இனி, தனியான சாளர மேலாளரை மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு உதவுவது. இன்னொரு பணிமேடையான கேடிஇ பிளாஸ்மா தன் எழுத்துருத் தேர்வை .கான்ஃபிக் கோப்புறையில் கேடிஇகுளோபல்ஸ் என்ற உரைக் கோப்பில் வைக்கிறது.

இந்தக் கிடங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவற்றில் வழக்கமாக ஒரே ஒரு எழுத்துருவின் பெயரைத்தான் கொடுக்கிறோம், அந்தப் பெயர் பெரும்பாலும் தமிழ் இல்லாத எழுத்துருவாக இருக்கிறது. க்னோமின் பழைய இயல்பு எழுத்துருவான காந்தரெல்லிலும் தமிழ் இல்லை. 2025 மார்ச்சில் வந்த 48ஆம் பதிப்பிலிருந்து அதன் இடத்தைப் பிடித்த அத்வைதா சான்ஸிலும் இல்லை. அப்படியானால் பட்டியில் தெரியும் தமிழ் எழுத்து எங்கிருந்து வருகிறது? அதை முடிவு செய்வது ஃபான்ட்கான்ஃபிக்.

ஃபான்ட்கான்ஃபிக் என்பது கீத் பேக்கர்டு 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய நூலகம். அதற்கு முன் எழுத்துருக்களை எக்ஸ் சேவையகமே கையாண்டது. இந்த நூலகம் வந்த பிறகு, எந்த எழுத்துரு வேண்டும் என்று ஒவ்வொரு மென்பொருளும் இதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஜிடிகே, க்யூடி, ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம், லிப்ரேஆஃபீஸ் எல்லாமே இங்கே வந்து கேட்பவைதான். மென்பொருள் "சான்ஸ்-செரிஃப் வேண்டும், மொழி தமிழ்" என்று கேட்கும். ஃபான்ட்கான்ஃபிக் தன் விதிகளை ஓட்டிப் பொருத்தமான கோப்பை எடுத்துக் கொடுக்கும். இடைமுக மொழி ஆங்கிலமாக இருந்தாலும் இது நடக்கும். ஜிடிகே பயன்படுத்தும் பாங்கோ நூலகம், உரையில் தமிழ் எழுத்துகள் வரும் பகுதியைத் தனியே பிரித்து, அதற்குத் தமிழ் மொழி என்று குறிப்பிட்டே கேட்கிறது. ஆகவே நம் முடிவை எழுதி வைக்கச் சரியான இடம் இதுதான்.

இப்போது என்ன விடை கிடைக்கிறது என்பதைச் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. முனையத்தில் எஃப்சி-மேட்ச் என்ற கட்டளையோடு சான்ஸ்-செரிஃப் என்றும், முக்காற்புள்ளி இட்டு லாங்=டிஏ (டிஏ என்பது தமிழின் மொழிக் குறி) என்றும் அடித்தால், தமிழுக்குத் தேர்வாகும் எழுத்துருவின் கோப்பும் பெயரும் ஒரே வரியில் வரும். எஃப்சி-லிஸ்ட் கட்டளைக்கு அதே மொழிக் குறியைக் கொடுத்தால், கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் பட்டியலாகும். இந்தப் பட்டியலில் ஃப்ரீசெரிஃப் போன்ற பன்மொழி எழுத்துருக்களும் இருப்பதைக் காணலாம்; எதிர்பாராத வடிவத்தில் தமிழ் தெரிவதற்கு அவை அடிக்கடி காரணமாகின்றன.

விதிகள் படிக்கப்படும் வரிசை முக்கியம். எட்சி கோப்புறையில் ஃபான்ட்ஸ் என்பதனுள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் இருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டியில் இது யூஎஸ்ஆர், லோக்கல், எட்சி என்ற பாதையில் இருக்கும். அது கான்ஃப்.டி என்ற கோப்புறையில் உள்ள, எண்ணில் தொடங்கி .கான்ஃப் என முடியும் கோப்புகளை எண் வரிசைப்படி படிக்கிறது. 10 முதல் உள்ளவை வரையும் முறையைப் பற்றியவை. 50 என்ற எண்ணுள்ள கோப்பு பயனரின் சொந்த விதிகளை அழைக்கிறது. 51 இந்தக் கணினிக்கு மட்டும் உரிய லோக்கல்.கான்ஃபை அழைக்கிறது, 60-இல் லத்தீன் எழுத்துருக்களின் இயல்பு வரிசையும், 65-இல் தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துமுறைகளுக்கான வரிசையும் வருகின்றன. முன்னால் சேர்க்கப்பட்ட பெயர் பட்டியலில் முன்னாலேயே நிற்கும் என்பதால், பந்திக்கு முந்தியவருக்கே முதல் இலை என்பது போல, 50-இல் படிக்கப்படும் நம் விதி 60-ஐயும் 65-ஐயும் முந்திக்கொள்கிறது. ஆகவே எட்சியில் உள்ள கோப்புகளைத் தொடத் தேவையே இல்லை. பொதிகள் புதுப்பிக்கப்படும்போது அந்தக் கோப்புகள் மாறக்கூடும். இல்லக் கோப்புறையில் இருப்பதை எந்தப் புதுப்பிப்பும் தொடாது.

இல்லக் கோப்புறையில் .கான்ஃபிக், அதனுள் ஃபான்ட்கான்ஃபிக், அதனுள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் என்ற கோப்பில் எழுதலாம் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. அது சரிதான். என் பரிந்துரை வேறு: அதே ஃபான்ட்கான்ஃபிக் கோப்புறைக்குள் கான்ஃப்.டி என்று ஒரு கோப்புறையை உருவாக்கி, 10 என்ற எண்ணில் தொடங்கும் பெயரில் ஒரு கோப்பில் எழுதுங்கள். கேடிஇயின் எழுத்துரு அமைப்புச் சாளரம், விளிம்பு மென்மையாக்கம் பற்றிய தன் தேர்வுகளை அந்த ஃபான்ட்ஸ்.கான்ஃப் கோப்பிலேயே எழுதுகிறது. ஒரே கோப்பில் இரண்டு கைகள் எழுதுவது நல்லதன்று. இல்லக் கோப்புறையில் .ஃபான்ட்ஸ்.கான்ஃப் என்று நேரடியாக வைப்பது கைவிடப்பட்ட பழைய வழக்கம். பத்தாண்டுக்கு முந்தைய குறிப்புகளில் அதைக் கண்டால் பின்பற்ற வேண்டாம்.

கோப்பில் என்ன எழுதுவது? எக்ஸ்எம்எல் தலைப்புக்குப் பின் ஃபான்ட்கான்ஃபிக் என்ற வெளி உறுப்பைத் திறந்து, அதனுள் ஏலியஸ் என்ற உறுப்பை இட வேண்டும். ஏலியஸுக்குள் ஃபேமிலி என்ற உறுப்பில் சான்ஸ்-செரிஃப் என்ற பொதுப் பெயரையும், ப்ரிஃபர் என்ற உறுப்பில் நமக்கு வேண்டிய எழுத்துருக்களை வரிசையாகவும் எழுத வேண்டும். இந்த வரிசையில் ஆங்கில எழுத்துருவை முதலிலும் தமிழ் எழுத்துருவை இரண்டாவதாகவும் வைப்பதே நல்லது. ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாததால் தமிழ் எழுத்துகள் தாமாகவே இரண்டாவதற்குச் சென்றுவிடும். ஆங்கிலமும் எண்களும் முதலாவதில் நிற்கும். வரிசையை மாற்றினால், தமிழ் எழுத்துருவுக்குள் இருக்கும் லத்தீன் எழுத்துகள் பணிமேடை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். செரிஃபுக்கும் இதேபோல் ஓர் ஏலியஸ் எழுதிக்கொள்ளலாம். சம அகலத்துக்கும் எழுதலாம்தான், ஆனால் முனையத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலக் கட்டம் வகுக்கப்பட்டிருப்பதால் தமிழ் நெருக்குண்டோ சிதறியோ தெரியும், எழுத்துருவை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

பெரும்பாலான கணினிகளில் இந்த ஒரு விதியே போதும். போதாத இடத்தில் மேட்ச் என்ற உறுப்பு வேண்டும். அதனுள் ஒரு டெஸ்ட் உறுப்பில், மொழி டிஏ என்பதைக் கொண்டிருக்கிறதா என்றும், இன்னொன்றில் ஃபேமிலி சான்ஸ்-செரிஃபா என்றும் கேட்டு, எடிட் உறுப்பில் தமிழ் எழுத்துருவின் பெயரை ப்ரிபென்ட் முறையில், பைண்டிங் மதிப்பை ஸ்ட்ராங் என்று வைத்துச் சேர்க்க வேண்டும். இந்தப் பிணைப்பு வலிமை புரிந்துவிட்டால் ஃபான்ட்கான்ஃபிக்கின் புதிர்களில் பாதி விலகிவிடும். பொருத்தம் பார்க்கும்போது, வலுவாகப் பிணைக்கப்பட்ட பெயர் முதலிலும், மொழி அதற்கு அடுத்தும், மெல்லப் பிணைக்கப்பட்ட பெயர் அதற்கும் அடுத்தும் எண்ணப்படுகின்றன. ஏலியஸில் எழுதும் பெயர்கள் இயல்பாக மெல்லிய பிணைப்பு உடையவை. ஆகவே தமிழ் என்று மொழி குறிப்பிடப்பட்டால், ஆங்கில எழுத்துரு பட்டியலில் முதலில் நின்றாலும் மொழிச் சோதனையில் தோற்று ஒதுங்கிவிடுகிறது, தமிழ் தெரிந்தவற்றுள் நம் பட்டியலில் முந்தி நிற்பது தேர்வாகிறது. மொழிச் சோதனை இல்லாமல் வலுவான பிணைப்பை மட்டும் எழுதினால், ஆங்கிலத்துக்கும் தமிழ் எழுத்துருவே வந்து நிற்கும்.

ஒரு குறிப்பிட்ட எழுத்துரு எவ்வளவு சொல்லியும் இடையில் வந்து நின்றால், செலக்ட்ஃபான்ட் என்ற உறுப்பினுள் ரிஜெக்ட்ஃபான்ட் என்று எழுதி, அதன் பெயரைக் கொடுத்து, மென்பொருள்களின் கண்ணில் படாமலே செய்துவிடலாம். பொதியை நீக்க முடியாத இடங்களில், வேறு ஏதேனும் மென்பொருள் அதைச் சார்ந்திருக்கும் நிலையில், இது பெரிய உதவி.

எழுதி முடித்ததும் எஃப்சி-மேட்ச் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். எக்ஸ்எம்எல்லில் ஒரு குறி மூடப்படாமல் இருந்தால், எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை என்று முனையத்திலேயே சொல்லிவிடும்; வரைகலைச் சாளரங்களில் அந்தச் செய்தி கண்ணில் படாது. விடை மாறவில்லை என்றால், எஃப்சி-கான்ஃப்லிஸ்ட் கட்டளை எந்தெந்தக் கோப்புகள் படிக்கப்பட்டன என்று காட்டும். நம் கோப்பு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், பெயர் எண்ணில் தொடங்குகிறதா, .கான்ஃப் என முடிகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் மென்பொருள்களை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

எழுத்துருக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதும் நிலைப்பில் சேர்ந்ததுதான். பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து திறந்து பார்த்துவிட்டு மூடினால் எழுத்துரு நிறுவப்பட்டதாகாது. இல்லக் கோப்புறையில் .லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் வைத்து, எஃப்சி-கேஷ் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் வேண்டுமானால் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற பாதை உரியது.

எந்தத் தமிழ் எழுத்துருவைத் தேர்வது என்பதில் எனக்குச் சில முடிவுகள் உண்டு. டெபியனில் லோஹித் தமிழும் மீரா இனிமையும் பொதிகளாகவே கிடைக்கின்றன. லோஹித் சிறிய அளவில் தெளிவாகத் தெரிவது. மீரா இனிமையின் வளைவுகள் அழகானவை, அச்சுக்கு ஏற்றவை. நோட்டோ சான்ஸ் தமிழ் பல தடிமன்களில் உள்ளது. அதன் யூஐ என்ற வடிவம், பட்டிகளிலும் பொத்தான்களிலும் எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்படாதபடி உயரம் குறைத்து அமைக்கப்பட்டது. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரை, இந்தியன் டைப் ஃபவுண்டரி வெளியிட்டது. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஐந்து தடிமன்கள் உண்டு, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. மனுக்களைத் திரையில் சரிபார்ப்பதற்கு அதன் திறந்த சுழிகள் எனக்குப் பிடித்தவை. தடித்த வடிவம் தனியே இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால், தலைப்புகளில் கணினியே கோட்டைப் பருக்கச் செய்து காட்டும். ணகரமும் ஞகரமும் அப்போது அடைபட்டுப் போகும். ஆகவே தடித்த வடிவம் உள்ளதையே இடைமுகத்துக்கு வையுங்கள். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால், ஃபான்ட்கான்ஃபிக்கில் மேட்ரிக்ஸ் விதி எழுதிச் சுருக்கும் உத்தி ஒன்று உண்டு. எல்லா மென்பொருள்களும் அதை ஒரேபோல் மதிப்பதில்லை என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். அளவு ஒத்துப்போகும் இணையைத் தேடுவதே மேல்.

ஹின்டிங் எனப்படும் கட்டப் பொருத்தத்துக்கும் இதே கோப்பில் விதி எழுதலாம்; மேட்ச் உறுப்பின் இலக்கை ஃபான்ட் என்று வைக்க வேண்டும். தமிழுக்கு ஹின்ட்ஸ்லைட் என்ற மதிப்பையே பரிந்துரைப்பேன். அது உயர வாக்கில் மட்டும் எழுத்தைப் புள்ளிகளோடு பொருத்துகிறது. அகலத்தைத் தொடாததால் சுழிகள் நசுங்குவதில்லை.

ஃபான்ட்கான்ஃபிக்கை ஒழுங்குபடுத்திய பிறகும் தனி வழியில் செல்லும் மென்பொருள்களில் லிப்ரேஆஃபீஸ் முதலாவது. அது தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற பிரிவில் வைத்து, அதற்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் ஒதுக்குகிறது. கருவிகள் பட்டியில் விருப்பங்களைத் திறந்து, மொழிப் பகுதியில் அந்த அமைப்பை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகு, ரைட்டரின் அடிப்படை எழுத்துருக்கள் பகுதியில் தமிழுக்கான பக்கம் வரும். அங்கே அமைத்தது பயனரின் அமைப்புக் கோப்பில் நிலைக்கும். கடைகளில் இன்னொரு படி செய்வது நல்லது: மனுவுக்கும் விண்ணப்பத்துக்கும் பாணிகளை ஒழுங்காக அமைத்த ஒரு வெற்று ஆவணத்தை வார்ப்புருவாகச் சேமித்து, அதையே இயல்பு வார்ப்புரு என்று குறித்துவிடுங்கள். வேறு கடையில் திறக்கப்போகும் ஆவணம் என்றால், கோப்பின் பண்புகளில் எழுத்துருவை ஆவணத்துக்குள் பொதிந்து வைக்கும் வசதி உண்டு.

ஃபயர்ஃபாக்ஸிலும் எழுத்துருப் பகுதியின் மேம்பட்ட சாளரத்தில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனித் தேர்வு இருக்கிறது. தமிழ் என்பதைத் தேர்ந்து அமைத்தால் அது பயனர் தொகுப்பில் எழுதப்படும். ஒவ்வொரு தொடக்கத்திலும் அதே மதிப்பு வர வேண்டுமானால், அந்தத் தொகுப்பின் கோப்புறையில் யூசர்.ஜேஎஸ் என்ற கோப்பில் எழுதி வைக்கலாம்.

ஃபிளாட்பேக் என்ற பொதி முறையில் நிறுவப்படும் மென்பொருள்கள் தனிச் சூழலுக்குள் ஓடுபவை. இல்லக் கோப்புறையில் நிறுவிய எழுத்துருக்கள் அவற்றுக்குத் தெரியும், ஆனால் நாம் எழுதிய விதிகள் தெரியாது. ஃபிளாட்பேக் ஓவர்ரைடு கட்டளையில் பயனர் விருப்பத்தோடு, எக்ஸ்டிஜி-கான்ஃபிக் என்பதன் கீழ் ஃபான்ட்கான்ஃபிக் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். அந்த அனுமதியும் நிலையானது.

பழைய கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யூனிகோடுக்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இன்னும் இங்குள்ள அச்சகங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் ஏராளம். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகளை ஏற்றது; 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்றது. அந்தப் பழைய ஆவணங்களில் கோப்பில் இருப்பது வேறு எழுத்து, எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. ஆகவே அந்தப் பெயர்களுக்குப் பதிலாக யூனிகோடு எழுத்துருவைக் காட்டும்படி ஃபான்ட்கான்ஃபிக்கில் மாற்றுப் பெயர் எழுதினால் உரை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அவற்றுக்குக் குறியீட்டு மாற்றிதான் வழி.

கடையிலோ படிப்பகத்திலோ பல பயனர் கணக்குகள் இருந்தால், அதே விதிகளை எட்சி, ஃபான்ட்ஸ் கோப்புறையில் லோக்கல்.கான்ஃப் என்ற பெயரில் வைக்கலாம். யாரேனும் தனக்கென்று எழுதிக்கொண்ட விதி 50-இல் முன்னதாகப் படிக்கப்படுவதால் அவருடைய விருப்பம் கெடாது. க்னோமின் இயல்பு மதிப்புகளை எல்லோருக்கும் மாற்ற, எட்சியின் டிகான்ஃப் கோப்புறையில் பயனர் சுயவிவரத்தில் லோக்கல் தரவுத்தளத்தைச் சேர்த்து, லோக்கல்.டி என்பதில் உரைக் கோப்பாக எழுதி, டிகான்ஃப் அப்டேட் கட்டளையை ஓட்ட வேண்டும்.

புதிய கணினிக்கு மாறும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று: .லோக்கலின் கீழுள்ள எழுத்துருக் கோப்புறை, .கான்ஃபிக்கின் கீழுள்ள ஃபான்ட்கான்ஃபிக் கோப்புறை, பணிமேடையின் அமைப்பு. க்னோம் என்றால் டிகான்ஃப் டம்ப் கட்டளையால் உரையாக இறக்கி, புதிய கணினியில் டிகான்ஃப் லோடு கட்டளையால் ஏற்றுங்கள். எக்ஸ்எஃப்சிஇ என்றால் அமர்விலிருந்து வெளியேறிய நிலையில் எக்ஸ்செட்டிங்ஸ் கோப்பை நகலெடுங்கள். .கேஷ் கோப்புறையில் உள்ள ஃபான்ட்கான்ஃபிக் தற்காலிகக் கோப்புகளை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை, புதிய கணினி அவற்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்கி, எஃப்சி-மேட்ச் முதல் கணினியில் காட்டிய அதே வரியைக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.